இருளப்ப மேஸ்திரியின் ஆட்கள்

ரங்கூனில் பபேடான் பேட்டைத் தமிழர்கள் புது ஆளைப் பார்த்தால் பெயரைக் கேட்க மாட்டார்கள். கேட்டு என்ன ஆகப் போகிறது? ஒவ்வொருவனுக்கும் வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் பர்மியப் பெயர் ஒன்று, பதிவு அட்டையில் குமாஸ்தா தன் இஷ்டத்துக்கு எழுதிவைத்தது ஒன்று. எதைச் சொல்வான், எதை விடுவான்? அதனால் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரனிடம், "நீங்க யாரு ஆளு?" என்றுதான் கேட்பார்கள். பாட்டனைக் கப்பலேற்றிக் கூட்டிவந்த மேஸ்திரி யார் என்று அர்த்தம். "நாங்க இருளப்ப மேஸ்திரி ஆளுங்க" என்று பதில் வரும். அந்த மேஸ்திரி ஜப்பான்காரன் போட்ட குண்டில் செத்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும். ஆனாலும் ஆள் அவருடைய ஆள்தான். இதைக் கேட்டுத்தான் பெண் கொடுப்பார்கள், இதைக் கேட்டுத்தான் பாடைக்குத் தோள் கொடுப்பார்கள்.

இந்தக் கேள்வியைக் கொண்டுபோய் ஓர் அரசியல் அலுவலகத்தின் அலமாரிக்குள் வைத்த மகாராசன் ஒருவர் ரங்கூனில் இருந்தார். மாரிச்சாமி என்று பெயர்.

மாரிச்சாமியும் இருளப்ப மேஸ்திரி ஆள்தான். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் முனிசிபாலிட்டி தண்ணீர்க் குழாய்ப் பிரிவில் பியூன். மாரிச்சாமி படித்து, ஒரு கூட்டுறவுக் கடையில் எழுத்தராக இருந்தார். பர்மிய எழுத்தை வட்டம் பிசகாமல் எழுதுவார். அந்தக் கையெழுத்தின் மேல் அவருக்குக் கொஞ்சம் கர்வம், கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. பெண்டாட்டி இளவயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். மகள் சத்யபாமா ஒருத்திதான். அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, தெருவுக்கே அவள் பாப்பா.

எண்பத்தெட்டில் பாப்பா பத்தாவது தேறினாள். ஐந்து பாடத்தில் டிஸ்டிங்ஷன். ஊரே கலவரத்தில் வெந்துகொண்டிருந்தது, கல்லூரிகளையெல்லாம் இழுத்துப் பூட்டியிருந்தார்கள். மாரிச்சாமிக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. பூட்டினதை என்றைக்காவது திறந்துதானே ஆக வேண்டும்? திறந்தால் பாப்பா டாக்டருக்குப் படிப்பாள். அதற்குக் குறுக்கே நின்றது ஒரே ஒரு சங்கதி. அந்தப் படிப்புக்குக் குடியுரிமை அட்டை வேண்டும். அப்பன் மகள் இரண்டு பேரிடமும் இருந்தது அந்நியர் பதிவு அட்டை. பர்மாவில் பிறந்து, பர்மாத் தண்ணீர் குடித்து, பர்மிய மொழியில் கனவு காண்கிற பெண் அந்நியராம். அட்டை மாற வேண்டுமானால், வெள்ளைக்காரன் காலத்திலேயே பாப்பாவின் பாட்டன், அதாவது மாரிச்சாமியின் அப்பா, இங்கே இருந்தார் என்று காட்ட வேண்டும். பாட்டனுடைய முனிசிபாலிட்டி வேலைக் காகிதம் மாரிச்சாமியிடம் இருந்தது. கட்டைவிரல் ரேகையும் வெள்ளைக்காரத் துரையின் கையெழுத்தும் போட்ட, மடிப்பெல்லாம் நைந்துபோன ஒரே தாள். பாப்பாவின் எதிர்காலம் மொத்தமும் அந்தத் தாளில்தான் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய் அலுவலக வாசலில் நின்றால் யார் மதிப்பார்கள்? சிபாரிசு செய்ய ஒரு பெரிய மனுஷன் வேண்டுமே.

பெரிய மனுஷன் வந்தார்.

ஊ பான் மௌங் என்று ஓய்வுபெற்ற நீதிபதி. ஊ என்றால் அங்கே ஐயா மாதிரி. ராணுவம் ஆட்சியைப் பிடித்து, தேர்தல் வைக்கப்போகிறோம் என்று அறிவித்த புதிது. இருநூறுக்கும் மேலே கட்சிகள் முளைத்துவிட்டன. பதிவு செய்த கட்சிக்கு டெலிபோன் கிடைக்கும், சர்க்கார் விலையில் பெட்ரோல் கிடைக்கும். பெட்ரோலுக்காகவே கட்சி கட்டினவர்கள் பாதிப் பேர். நீதிபதியை அப்படிச் சொல்லக் கூடாது. அவருக்கு நிஜமாகவே நாட்டின் ஜனாதிபதி ஆக வேண்டும் என்று ஆசை. ஆனால் உஷாரான மனுஷன், எடுத்த எடுப்பில் குதிக்க மாட்டார். நின்றால் எத்தனை பேர் பின்னால் வருவார்கள் என்று நாடி பிடித்துப் பார்ப்பதற்காக, பபேடானில் ஒரு துணிக்கடை மாடியில் அலுவலகம் போட்டார். அது கட்சிகூட இல்லை, கட்சி ஆகலாமா வேண்டாமா என்று யோசிக்கிற கட்சி. அதில் கோப்புகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றதும் மாரிச்சாமி போய் நின்றார். எழுத்தைப் பார்த்த நீதிபதி அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்.

"உங்க ஜனங்க இந்தப் பக்கம் எத்தனை பேர் இருப்பாங்க?" என்று கேட்டார் நீதிபதி.

"நெறைய இருக்காங்க, சயா. ஆனா அட்டை இல்லாம என்னத்த ஓட்டுப் போடுவாங்க?" என்றார் மாரிச்சாமி. பெரியவர்களை அங்கே சயா என்றுதான் கூப்பிட வேண்டும்.

"நான் வந்தா அட்டை வரும். பாட்டன் காலத்து அத்தாட்சியெல்லாம் சேர்த்து வை. ஒரே மூட்டையா மந்திரிசபையில வச்சுக் கேட்டா எவன் மறுப்பான்?"

மாரிச்சாமி ஏழு கடல் தாண்டிய மாதிரி வீட்டுக்கு வந்தார். அடுத்த வாரத்திலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கினார். ஜனங்களும் கொண்டுவந்து கொட்டினார்கள். துறைமுகக் கூலிச்சீட்டு, ரயில்வே சம்பளத் துண்டு, கப்பல் டிக்கெட்டின் அடிக்கட்டை, எல்லாமே அசல். நகல் எடுத்துக் கொடுங்கள் என்று அவர் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. பெரிய மனுஷன் கையில் நகலைக் கொடுத்தால், நம்பவில்லை என்று ஆகிவிடாதா? தன் அப்பாவின் தாளையும் மாரிச்சாமி அவற்றோடேதான் அலுவலக அலமாரியில் வைத்தார். ஊருக்கொரு நியாயம் தனக்கொரு நியாயம் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை அவர், அப்போது.

வந்ததை அடுக்க வேண்டுமே. பெயர் வரிசையில் அடுக்கினால், எந்தப் பெயரில்? தெருவாரியாக அடுக்கினால், ஜனங்கள் தெருவில் நிலைத்தா இருக்கிறார்கள்? யோசித்துப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த வழியில் அடுக்கினார். எந்த மேஸ்திரி ஆளோ, அந்த மேஸ்திரி பெயரில் ஒரு கட்டு. மற்ற மேஸ்திரிகளுக்கு ஐந்தாறு பேர்தான். இருளப்ப மேஸ்திரி கட்டில் மட்டும், தன்னைத் தவிர்த்தே, நாற்பத்தொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். யார் வந்து எந்தக் காகிதம் கேட்டாலும், "யாரு ஆளு?" என்று கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்தார்.

ஒருநாள் நீதிபதி கட்டுகளைப் புரட்டினார். "மேஸ்திரி என்றால் என்ன?" என்று கேட்டார்.

"கூட்டியாந்தவரு, சயா. ஆளுங்களுக்கெல்லாம் பொறுப்பு."

"அப்போ தலைவர்னு எழுது. பர்மியில படிக்கிறவனுக்குப் புரிய வேண்டாமா?"

மாரிச்சாமி மறு பேச்சுப் பேசாமல் எழுதினார். சிவப்பு மசியில், பெரிய எழுத்தில், வட்டம் பிசகாமல். தலைவர்: இருளப்பன். ஆட்கள்: நாற்பத்தொன்று. எழுதிவிட்டு எட்ட நின்று அழகு பார்த்தார். பாவி மனுஷன், அதை அவ்வளவு அழகாக எழுதாமல் இருந்திருக்கக் கூடாதா?

எண்பத்தொன்பது ஜூலையில் ராணுவத்தார் கட்சிக்காரர்களைப் பிடித்து அடைக்க ஆரம்பித்தார்கள். நீதிபதிக்கு எப்படியோ மோப்பம் கிடைத்துவிட்டது. மொட்டை அடித்துக்கொண்டு பௌத்த மடத்தில் போய்த் துறவியாக உட்கார்ந்துகொண்டார். அங்கே போய் விசாரித்தவர்களிடம், "எனக்கு எதுவும் தெரியாது. கோப்பெல்லாம் அந்தக் கலாக் குமாஸ்தா பார்த்தது" என்று சொல்லியிருக்கிறார். இந்தியனைக் கேவலமாகச் சொல்வதற்கு அங்கே கலா என்றுதான் சொல்வார்கள். தர்ம ஆசனத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார், அது கெட்ட கேட்டுக்கு.

புலனாய்வுக்காரர்கள் துணிக்கடை மாடியைப் பூட்டி அரக்கு வைத்தார்கள். கட்டுகளை லாரியில் ஏற்றினார்கள். மாரிச்சாமி தலையில் ஒரு சாக்கை மாட்டி அவரையும் ஏற்றினார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியாது. தலைக்கு மேலே விமானம் தாழப் பறக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால், விமான நிலையம் இருக்கிற மிங்கலாடோன் பக்கம் ஏதோ ஒரு வீடு என்று ஊகித்துக்கொண்டார்.

அங்கே விசாரித்த மேஜர் அதட்டிப் பேசாத ஆள். பரங்கி விதையைப் பல்லால் உடைத்துத் தின்றுகொண்டே, "இருளப்பன் எங்கே?" என்று பர்மியில் கேட்டார்.

"செத்துட்டாரு, சயா."

"எப்போ?"

"ஜப்பான்காரன் குண்டு போட்டப்போ."

மேஜர் சிரித்தார். பக்கத்தில் நின்ற சிப்பாய்களும் சிரித்தார்கள். "நாற்பத்தேழு வருஷத்துக்கு முன்னால செத்தவன் போன வருஷம் நாற்பத்தொரு பேரைச் சேர்த்திருக்கான். கெட்டிக்காரன்தான்" என்றார் மேஜர்.

மாரிச்சாமி சொல்லிப் பார்த்தார். கப்பல், மேஸ்திரி, கல்யாணப் பந்தி, எல்லாவற்றையும் சொன்னார். கேட்கிறவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? அலமாரியில் தலைவன் பெயர் இருக்கிறது, ஆள் கணக்கு இருக்கிறது, தலைவன் மட்டும் பேயாம். கிண்டல் செய்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். முழங்காலை மடக்கி, கையை நீட்டி, மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற மாதிரி நிற்கச் சொன்னார்கள். நின்றார். வண்டிச் சத்தம் வரவில்லையே என்றார்கள். வாயால் டுர் டுர் என்று சத்தம் போட்டார். "சூலே பகோடா வந்துருச்சு, திருப்பு" என்றான் ஒருத்தன். திரும்பினார். "கலா, பிரேக் போடு" என்று இன்னொருத்தன் முதுகில் உதைத்தான். கீழே விழுந்தால் மறுபடி கிளப்ப வேண்டும். நாற்பத்தாறு வயசு மனுஷன், மூத்திரம் காலில் வழிய, வாயால் வண்டி ஓட்டிக்கொண்டே ரங்கூன் முழுக்கச் சுற்றினார்.

இதற்கிடையில் நாற்பத்தொரு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "நீ யாருடைய ஆள்?" என்று கேட்டார்கள். நம் ஜனங்களிடம் இதை எவன் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "இருளப்ப மேஸ்திரி ஆளு" என்று நாற்பத்தொரு பேரும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தார்கள். பொய் சொன்னால் தப்பு என்று நினைத்தார்களாம், புண்ணியவான்கள்.

அதற்கப்புறம் ஒருநாள் மாரிச்சாமியை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தேநீர் கொடுத்தார்கள். மேஜர் மேசையில் ஒரு தாளை விரித்தார். அப்பாவின் முனிசிபாலிட்டித் தாள்.

"உன் மகளுக்கு அஞ்சு டிஸ்டிங்ஷனாமே. என் பையனுக்கு ஒண்ணுகூட வரலை" என்றார் மேஜர். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. பிறகு லைட்டரை எடுத்து, தாளின் மேல் வைத்தார். பற்றவைக்கவில்லை.

"சயா, நான் சொன்னதெல்லாம் சத்தியம். அவரு செத்துட்டாரு" என்றார் மாரிச்சாமி.

"தெரியும்" என்றார் மேஜர். "நானும் விசாரிச்சேன். நீ சொன்னது நிஜம்தான். ஆனா நாற்பத்தொரு பேர் கொண்ட கூட்டம்னு மேலே எழுதிட்டேன். செத்தவனைப் பிடிச்சேன்னு இனிமே எழுத முடியாது. எனக்கு ஒரு இருளப்பன் வேணும். எந்த இருளப்பன்னு மேலே எவனும் கேட்கப் போறதில்லை. இருந்தா சொல்லு, தாளை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ."

இருந்தான். முதல் நாளிலிருந்தே மாரிச்சாமிக்குத் தெரியும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கிறது நம்முடைய வழக்கம் ஆயிற்றே, மேஸ்திரியின் பேரனுக்கும் வைத்திருந்தார்கள். தன்லியினில் மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்கிறவன். தினமும் விடிகாலைப் படகில் பால் கேனோடு அக்கரையிலிருந்து வந்து, பபேடான் தேநீர்க்கடைகளுக்கு ஊற்றிவிட்டுப் போவான். அரசியலும் தெரியாது, அலுவலகமும் தெரியாது. எந்தக் காகிதமும் கொடுத்ததில்லை. மாரிச்சாமியைக் கண்டால் "மாமா" என்பான். பாப்பாவுக்கென்று ஒரு குவளை கூட ஊற்றிவிட்டுத்தான் போவான். வண்டி ஓட்டினபோதும், உதைபட்டபோதும் அந்தப் பெயரை மாரிச்சாமி பல்லுக்குள் கடித்து வைத்திருந்தார். அதுவரைக்கும் அவர் நல்ல மனுஷன்தான்.

மேஜர் லைட்டரைக் கையில் எடுத்தார்.

"தன்லியின்ல ஒருத்தன் இருக்கான், சயா" என்றார் மாரிச்சாமி. "பால்காரன்."

சொல்லி முடித்ததும் அழுதார். மேஜர் தேநீரை அவர் பக்கம் நகர்த்தி, "குடி, ஆறிடும்" என்றார். குடித்தார்.

இருளப்பனைப் படகுத்துறையிலேயே பிடித்துவிட்டார்கள். பால் கேன் இரண்டும் அங்கேயே கிடந்ததைப் பார்த்ததாகத் தேநீர்க்கடையில் சொன்னார்கள். ஏழு வருஷம் போட்டு, வடக்கே எங்கோ தூரத்து ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். மாரிச்சாமியை வீட்டுக்கு அனுப்பினார்கள். சொன்ன சொல் தவறாமல் தாளையும் கொடுத்தார்கள். ஆனால் கொடுக்கும்போது அதில் ஊதா மசியில் ஒரு முத்திரை இருந்தது. வழக்கில் கைப்பற்றிய ஒவ்வொரு தாளிலும் குத்த வேண்டும் என்பது அவர்களுடைய ஒழுங்காம். இருளப்பன் கும்பலின் தடயம் என்று, வெள்ளைக்காரத் துரையின் கையெழுத்துக்கு மேலேயே குத்தியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தவரைப் பாப்பா கட்டிக்கொண்டு அழுதாள். "தாளை எப்படிப்பா குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

"பாவம் பாத்துக் குடுத்தாங்கம்மா" என்றார்.

பதினைந்து நாள்கூட ஆகியிருக்காது, இருளப்பன் பெண்டாட்டி தைலம்மாள் மாடி ஏறி வந்துவிட்டாள். யாரிடம் வருவாள்? எழுதப் படிக்கத் தெரிந்த இருளப்ப மேஸ்திரி ஆள் அவர் ஒருவர்தானே. "மாமா, ஒரு மனு எழுதிக் குடுங்க. அவரு தலைவரு இல்ல, அவங்க தாத்தாதான் தலைவருன்னு எழுதுங்க. படிச்சா வுட்டுருவாங்க" என்றாள்.

எழுதினார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல மனு எழுதியதே இல்லை. ஒரு சொல் பொய் கிடையாது. ஒரே ஒரு விஷயத்தை விட்டுவிட்டு மற்ற எல்லா உண்மையும் அதில் இருந்தது. பதில் வரவில்லை. மறுபடி வந்தாள், மறுபடி எழுதினார். சும்மா எழுதி வாங்கக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் தூக்குச்சட்டியில் பால் கொண்டுவந்தாள். பாப்பா அதில் தேநீர் போட்டு மூன்று பேருக்கும் கொடுப்பாள். மாரிச்சாமி குடித்தார். குடிக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்களே. தைலம்மாள் ஒரே ஒரு தடவை, மூன்று நாள் பயணம் செய்து ஜெயிலில் புருஷனைப் பார்த்துவிட்டு வந்தாள். ஜெயிலுக்குக் கொடுத்தனுப்பிய கருவாட்டுப் பொடியைப் பாப்பாதான் வறுத்துக் கட்டிக் கொடுத்தாள். அதற்குமேல் போக அவளால் முடியவில்லை. மாடு ஒவ்வொன்றாக விலை போனது. கடைசியில் பகோவில் இருக்கிற அண்ணன் வீட்டோடு போய்ச் சேர்ந்துவிட்டாள்.

தொண்ணூற்றொன்றில் கல்லூரி திறக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. மாரிச்சாமி தாளை எடுத்துக்கொண்டு குடியுரிமை அலுவலகத்துக்குப் போனார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் சிரித்த முகமாகத்தான் வாங்கினாள். முத்திரையைப் பார்த்தாள். தாளைச் சூடு பட்டவள் போலக் கீழே போட்டாள். "இதை இங்கே நீங்க கொண்டுவரவும் இல்லை, நான் பார்க்கவும் இல்லை. தயவுசெய்து போயிடுங்க, ஊ" என்று சொல்லி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். நல்ல பெண், போலீசைக் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து, சவர பிளேடை எடுத்துக்கொண்டு, முத்திரையைச் சுரண்ட உட்கார்ந்தார். அவ்வளவு பதமாகத்தான் சுரண்டினார். நைந்த தாள் எத்தனை தாங்கும்? ஓட்டை விழுந்தது. துரையின் கையெழுத்தும் போய், அப்பாவின் பெயரில் பாதியும் போயிற்று. பாப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "வுடுங்கப்பா" என்றாள். அந்த மாதமே தையல் ஆலையில் சேர்ந்துவிட்டாள். சட்டைக் காலர் தைக்கிற வரிசை. அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அப்பா தனக்காக உதை வாங்கிய மனுஷன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதுதான் மாரிச்சாமிக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

தொண்ணூற்றாறில் ஒரு சாயங்காலம் படியில் சத்தம் கேட்டது. ஒரு காலை வைத்து, இன்னொரு காலை இழுத்து, நின்று நின்று யாரோ ஏறி வந்தார்கள். மாரிச்சாமி கதவைத் திறந்தார். தாடியும் எலும்புமாக ஒரு ஆள், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

"கும்புடுறேன் மாமா. இருளப்பன்" என்றான்.

 மாரிச்சாமி உட்கார் என்று கையைக் காட்டினார். இருளப்பன் சுவரைப் பிடித்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தான். வலது கணுக்கால் ஒரு பக்கமாகக் கோணி, கறுத்துப் போயிருந்தது.

"ரயில்லேருந்து எறங்கி நேரா தன்லியினுக்குப் போனேன், மாமா. இப்பல்லாம் பாலம் போட்டுட்டான், பஸ்ஸே போவுது. போனா வீட்டுல வேற ஆளு இருக்கு. தைலு எங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும்னாங்க."

"பகோவுல, அவ அண்ணன் வீட்டுல. வெலாசம் தர்றேன்" என்றார் மாரிச்சாமி. தேட எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

இருளப்பன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "பயப்படாதீங்க மாமா. எனக்குத் தெரியும். பேரச் சொன்னது நீங்கதான்னு அவங்க மொத நாளே சொல்லிட்டாங்க. தைலு பாக்க வந்தப்ப அவகிட்ட நான் சொல்லல. சொன்னா உங்க படி மிதிக்க மாட்டா. அப்புறம் அவளுக்கு மனு எழுத யாரு இருக்கா?"

மாரிச்சாமி இரண்டு கையையும் கூப்பினார்.

"மொத வருசம் முழுக்க உங்கள வெட்டிப்போடணும்னுதான் இருந்துச்சு. சோத்துல கை வச்சா உங்க மொகந்தான் வரும். அப்பத்தான் தைலு வந்தா. பாப்பா டாக்டருக்குப் படிக்கப் போவுது, காகிதம் திரும்பக் கெடச்சிருச்சுன்னு சொன்னா. சரி, அதுக்காகத்தான் இந்தாளு சொல்லியிருக்காருன்னு வெளங்கிருச்சு. எனக்குப் புள்ள இல்ல மாமா. நான் உள்ள கெடக்குறதுல ஒரு புள்ள டாக்டராவுதுன்னு நெனச்சுக்கிட்டேன். அத நெனச்சுத்தான் ஏழு வருசமும் கெடந்தேன், இல்லாட்டி செத்துருப்பேன்." பழச்சீப்பை முன்னால் நகர்த்தி வைத்தான். "பாப்பா டாக்டராயிருச்சா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆலைக்குப் போகிறாள், காலர் தைக்கிறாள், உன் ஏழு வருஷமும் சாக்கடையில் போயிற்று என்று சொல்லியிருக்கலாம். எதிரே உட்கார்ந்திருந்தவனின் முகத்தைப் பார்த்தார் மாரிச்சாமி. ஒரு தடவை அவனைக் காட்டிக் கொடுத்தாயிற்று. இன்னொரு தடவை கொல்ல அவருக்குத் தெம்பு இல்லை.

"ஆயிருச்சுப்பா" என்றார்.

இருளப்பன் கண்ணை மூடிக்கொண்டான். தாடிக்குள் கண்ணீர் இறங்கியது. "அது போதும் மாமா" என்றான்.

சொல்லி வைத்த மாதிரி படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வேலை முடிந்து பாப்பா வந்தாள். தோளில் பை, கையில் டிபன் கேரியர், தலைமுடியிலும் ரவிக்கையிலும் வெள்ளை நூல் துணுக்கு. உள்ளே இருந்தவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "பால்கார அண்ணனா?" என்றாள். முகம் மலர்ந்துவிட்டது.

இருளப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். தன்னைவிடச் சின்னப் பெண்ணுக்குக் கை எடுத்துக் கும்பிட்டான். "வாங்க டாக்டரம்மா" என்றான்.

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயிலில் இருந்து வந்த மனுஷனிடம் என்னத்தையோ பெருமைக்குச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது, போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அப்பாவை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வராது.

"நானே கேக்கணும்னு இருந்தேன், டாக்டரம்மா. இந்தக் காலக் கொஞ்சம் பாருங்க. ஜெயிலு டாக்டரு திரும்பிக்கூடப் பாக்கல" என்றான் இருளப்பன், பழையபடி உட்கார்ந்து காலை நீட்டி.

பாப்பா டிபன் கேரியரைக் கீழே வைத்தாள். அவன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆலையில் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரலால் கணுக்காலைச் சுற்றி மெல்ல அழுத்தினாள்.

"இங்க வலிக்குதாண்ணே?"

"அங்க இல்லம்மா. கொஞ்சம் கீழ."

"எப்பலேருந்து வலி?"

டாக்டரிடம் மறைக்கக் கூடாது என்று நினைத்தானோ, அவளுக்குத் தெரிந்த விஷயம்தானே என்று நினைத்தானோ, இருளப்பன் சாதாரணமாகச் சொன்னான். "எம்பத்தொம்போது ஆவணியிலேருந்து. காகிதத்துக்காவ அப்பா எம் பேரச் சொன்னாங்கள்ல, அந்த வாரமே கால்ல வெலங்கு மாட்டிட்டாங்க."

பாப்பாவின் விரல் அந்தக் கறுத்த இடத்திலேயே நின்றது. அவள் தலை நிமிரவில்லை, அப்பா பக்கம் திரும்பவில்லை, மடியிலிருந்த காலைக் கீழே வைக்கவும் இல்லை.

"மொதல்லேருந்து சொல்லுங்கண்ணே" என்றாள். "ஒண்ணு விடாம சொல்லுங்க."

இருளப்பன் சொல்ல ஆரம்பித்தான்.